தைராய்டோடு வாழ்வது: தோட்டப்புறத்துக் குடும்பங்களுக்கு மாத்திரை முதல் அறுவை சிகிச்சை வரை ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்படி விளக்கு எரியும். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போக வேண்டியவர்களுக்கு ஒரு கோலேயில் தேத்தண்ணி, அதில் இரண்டு கரண்டி கெட்டிப்பால். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் தைராய்டு மாத்திரை, ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, எலும்புக்குக் கால்சியம், கேஸ்ட்ரிக் மருந்து எல்லாம் கிடக்கும். நான்கையும் உள்ளங்கையில் கொட்டி, தேத்தண்ணியோடு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

தைராய்டு சிகிச்சை தோற்றுப்போகும் இடம் பெரும்பாலும் அந்த ஒரு மடக்குதான். மருந்து சரியானது, டாக்டர் எழுதிய அளவும் சரி. ஆனால் பாலும் இரும்பும் கால்சியமும் அந்த மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக விடாது. மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்தால் அளவு போதவில்லை என்று வரும், டோஸை ஏற்றுவார்கள். அப்படி டோஸ் ஏறிய ஒரு பெண் பிறகு ஒருநாள் இரும்பு மாத்திரையை நிறுத்தியதும், ஏற்றிய டோஸ் முழுதாக உடம்பில் ஏறி நெஞ்சு படபடக்கும். "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கல" என்று மாத்திரையையே விட்டுவிடுவார். ஆகவே இந்த வழிகாட்டியில் மருந்தின் பெயருக்குக் கொடுக்கும் இடத்தை மருந்து போடும் நேரத்துக்கும் கொடுத்திருக்கிறோம்.

ரிப்போர்ட்டை நீங்களே படிக்கலாம்

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அது சுரக்கும் ஹார்மோன்தான் உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறது. அந்தச் சுரப்பியை மேய்ப்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. அதை மண்டோர், அதாவது தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் வரும் டிஎஸ்எச் அந்த மண்டோரின் சத்தம். எஃப்டி4 என்பது வேலை எவ்வளவு முடிந்தது என்ற கணக்கு.

வேலை மந்தமானால் மண்டோர் கத்துவார்: டிஎஸ்எச் உயரும், எஃப்டி4 குறையும். இது தைராய்டு குறைவு. வேலை தாறுமாறாக ஓடினால் மண்டோர் வாயை மூடிக்கொள்வார்: டிஎஸ்எச் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கும், எஃப்டி4 உயரும். இது தைராய்டு மிகை. டிஎஸ்எச் ஏறினால் தைராய்டு கூடிவிட்டது என்று எண்ணிப் பலர் தலைகீழாகக் குழம்புகிறார்கள். மண்டோரை நினைவில் வைத்தால் அந்தக் குழப்பம் வராது.

பெரியவர்களுக்கு டிஎஸ்எச் சுமாராக 0.4 முதல் 4 வரை இருக்கலாம். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் எல்லை மாறும், அதனால் உங்கள் எண்ணை அதே தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையோடு ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் ரிப்போர்ட்டோடு ஒப்பிடாதீர்கள்.

முடிக்காகவோ நகத்துக்காகவோ பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் எடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். பயோட்டின் சில ஆய்வுக்கூட இயந்திரங்களை ஏமாற்றிவிடும். இல்லாத மிகையை இருப்பதாகக் காட்டும், மிகையை அடக்கும் கார்பிமசோல் மாத்திரை, அது தேவையே இல்லாதவர் கையில் வந்து சேரும்.

எப்போது சோதித்துப் பார்க்க வேண்டும்? மற்றவர்கள் மின்விசிறிக்கு அடியில் வியர்த்துக்கொண்டிருக்க நீங்கள் மட்டும் போர்வை தேடுகிறீர்கள், மலம் இறுகுகிறது, குரல் கனத்துவிட்டது, மாதவிலக்கு அதிகமாகப் போகிறது, தூங்கி எழுந்தும் அசதி விடவில்லை என்றால் குறைவு இருக்கலாம். சாப்பாடு குறையாமலே எடை இறங்குகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100-ஐத் தாண்டுகிறது, கை நடுங்குகிறது, எரிச்சலும் தூக்கமின்மையும் சேர்ந்திருக்கிறது என்றால் மிகை இருக்கலாம். பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறவர்களிடம் இது சில சமயம் கத்தியில்தான் முதலில் தெரியும். பல வருடம் பட்டையோடு நின்ற கத்தி திடீரென்று மரத்துக்குள் இறங்கிக் காயம் போடத் தொடங்கும்.

அரசாங்கத்தின் பெக்கா பி40 இலவச உடல் பரிசோதனை எடுத்தோம், எல்லாம் நார்மல் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தப் பரிசோதனைப் பட்டியலில் தைராய்டு இல்லை. ஆனால் அதில் கொலஸ்ட்ரால் அதிகம் என்று வந்திருந்தால், கொழுப்பு மாத்திரை தொடங்குமுன் டிஎஸ்எச் ஒருமுறை பார்க்கும்படி டாக்டரைக் கேளுங்கள். தைராய்டு குறைவே கெட்ட கொழுப்பை உயர்த்தும். அதைச் சரிசெய்தால் கொழுப்பும் ஓரளவு தானாக இறங்கும்.

தைராய்டு குறைவு: லிவோதைராக்சின் போடும் முறை

இந்த நோய்க்கு உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஒரே மருந்துதான், லிவோதைராக்சின். சுரப்பி தர வேண்டிய அதே ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கிறோம். ஆயுசுக்கும் மருந்தா என்று கலங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்: உடம்புக்கு அந்நியமான எதுவும் இந்த மாத்திரையில் உள்ளே போகவில்லை.

சுரப்பி முழுக்கச் செயலிழந்த ஒரு பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவை. 60 கிலோ இருப்பவருக்குக் கணக்குப் போட்டால் 96 வரும், நடைமுறையில் 100 மைக்ரோகிராம். சுரப்பி பாதியாவது வேலை செய்தால் 50-லேயே சரியாகிவிடலாம். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை மெல்ல ஏற்றுவார்கள். மந்தமாக ஓடிப் பழகிய இதயத்தை ஒரே நாளில் விரட்டினால் நெஞ்சுவலி வரும். அதனால் "எனக்கு ஏன் இவ்வளவு கம்மி" என்று தாத்தா கேட்டால், அது அவர் இதயத்தைக் காக்கத்தான் என்று சொல்லுங்கள்.

முதல் படி, உங்களுக்கு ஒத்துவரும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது. இரண்டு நேரங்கள்தான் சரியானவை. ஒன்று, காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் 30 முதல் 60 நிமிடம் முன்பு. மற்றொன்று, ராத்திரி படுக்கும்போது, கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து. ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தரைக்கு வீட்டைவிட்டு இறங்குகிறவர் காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தால், ஒரு வாரத்தில் பாதி நாள் தேத்தண்ணியோடுதான் போடுவார். அவருக்கு ராத்திரி நேரமே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. ஏழு மணிக்குச் சாப்பிட்டு பத்து மணிக்குப் படுக்கும் வீடு என்றால் இடைவெளி தானாகவே கிடைத்துவிடும். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் தூங்கி எழும் நேரத்தைக் காலை என்று வைத்துக்கொள்ளலாம்.

காலை நேரத்தையே வைத்துக்கொள்வதானால் மாத்திரையை அடுப்படியில் வைக்காதீர்கள். தலைமாட்டில் ஒரு தண்ணீர் போத்தலும் மாத்திரையும் இருக்கட்டும். கண் விழித்ததும், முகம் கழுவும் முன்பே, வெறும் தண்ணீரில் போட்டுவிடுங்கள். குளித்து, சாமி விளக்கேற்றி, பிள்ளைகளை எழுப்பி முடிப்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும்.

இரண்டாவது படி, பிரித்து வைப்பது. இரும்புச்சத்து, கால்சியம், வயிற்றுப் புண்ணுக்குத் தரும் வெள்ளைத் திரவ மருந்து ஆகியவற்றுக்கும் இந்த மாத்திரைக்கும் நடுவே 4 மணி நேரம் வேண்டும். காலையில் தைராய்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்பு, ராத்திரி கால்சியம் என்று மூன்று வேளையாகப் பிரித்துவிட்டால் எதுவும் எதோடும் மோதாது. ராத்திரி தைராய்டு போடுபவர்கள் கால்சியத்தைக் காலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சோயா பாலும் இதே பட்டியல்தான். காலையில் பசாரில் ஒரு பொட்டலம் சோயா பால் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைக்கு இடைவெளி விட்டுப் பயனில்லை. வயிற்றில் அமிலம் குறைந்தாலே லிவோதைராக்சின் சரியாகக் கரையாது. அதை நீண்ட நாள் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொன்னால் டோஸைத்தான் சரிசெய்வார்.

மூன்றாவது படி, காத்திருப்பது. இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாள் ஆகும். அதனால் டோஸை மாற்றினால் அதன் முழு விளைவு தெரிய 6 முதல் 8 வாரம் பிடிக்கும். இரண்டு வாரத்தில் ரத்தம் எடுத்துப் பார்ப்பது பணத்துக்கும் கைக்கும் நஷ்டம். அசதி இரண்டு மூன்று வாரத்தில் விலகத் தொடங்கும், முடி கொட்டுவது நிற்கச் சில மாதம் ஆகும். எடை விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோ, அதிலும் பெரும்பகுதி உடம்பில் தேங்கிய நீரும் உப்பும். 20 கிலோ கூடியிருந்தால் மாத்திரை அத்தனையையும் இறக்காது. இறக்க வேண்டும் என்று டோஸைக் கூட்டிப் போடுவது இதயத் துடிப்பையும் எலும்பையும் கெடுக்கும்.

ஒருநாள் மறந்துபோனால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால், இதயக் கோளாறு இல்லாதவர்கள் அன்று இரண்டாகப் போடலாம். டாக்டரிடம் இதை முன்கூட்டியே ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் அன்றைக்குக் குழப்பம் இருக்காது.

மாத்திரையை வைக்கும் இடமும் முக்கியம். லிவோதைராக்சின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் வெளிச்சத்துக்கும் கெட்டுப்போகும், பல பிராண்டுகளின் பெட்டியில் 25 பாகைக்குக் கீழ் வைக்கச் சொல்லியிருக்கும். தகரக் கூரை வீட்டில் மத்தியானம் ஜன்னலோர அலமாரி கொதிக்கும். மாத்திரையை உறையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். போடும் நிமிடத்தில் பிரியுங்கள். வீட்டில் தரையோடு ஒட்டிய, வெயில் படாத, அடுப்புக்கும் குளியலறைக்கும் தள்ளிய மூலைதான் நல்லது.

டோஸ் ஏறியும் டிஎஸ்எச் இறங்கவில்லையா?

இன்னும் ஏற்றச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் இவற்றை வரிசையாகப் பாருங்கள். வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போகிறது என்று உறையில் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணுங்கள். மனக்கணக்கு பொய் சொல்லும், உறை சொல்லாது. போட்ட பிறகு எத்தனை நிமிடத்தில் தேத்தண்ணி குடிக்கிறீர்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். புதிதாக எந்த மருந்து சேர்ந்தது என்று யோசியுங்கள்.

அடுத்தது மாத்திரை எண்ணிக்கைக் குழப்பம். போன மாதம் 50 மைக்ரோகிராமில் இரண்டு கொடுத்தார்கள், இந்த மாதம் 100-இல் ஒன்று கொடுக்கிறார்கள். பழக்கத்தில் இரண்டு போட்டால் டோஸ் இரட்டிப்பாகிவிடும். கவுண்டரில் பையை வாங்கியதும் உறையில் இருக்கும் எண்ணைச் சத்தமாகப் படித்து, "இத்தனை எண்ணிக்கை, இத்தனை மைக்ரோகிராம்" என்று மருந்தாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சோதனைக்கு ஒரு வாரம் முன்பு மட்டும் ஒழுங்காக மாத்திரை போட்டு நல்ல பெயர் வாங்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ரிப்போர்ட் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஒரு வாரத்தில் எஃப்டி4 சரியாகிவிடும், ஆனால் மண்டோர் மட்டும் பழைய கோபத்தில் இன்னும் கத்திக்கொண்டிருப்பார். எஃப்டி4 நன்றாக இருந்தும் டிஎஸ்எச் உயரமாக இருப்பதைப் பார்த்து டாக்டர் கேட்டால், விட்டுப்போனதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் தேவையில்லாத டோஸ்தான் பரிசாக வரும். ரத்தம் எடுக்கும் நாள் காலையில் மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போடுவது நல்லது.

எல்லைக்கோட்டில் நிற்பவர்கள்

டிஎஸ்எச் 4-க்கு மேல், 10-க்குக் கீழ், எஃப்டி4 நார்மல். இந்தக் கூட்டத்துக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். உடனே மாத்திரை தேவையில்லை. 2 அல்லது 3 மாதத்தில் மறுபடி சோதித்தால் பலருக்குத் தானாகவே எல்லைக்குள் வந்துவிடும். டெங்கி போன்ற ஒரு கடும் காய்ச்சலிலிருந்து எழுந்த சமயத்தில் எடுத்த எண்ணை நம்பி முடிவு செய்யக்கூடாது.

10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவார்கள். கர்ப்பிணிகள், பிள்ளைக்கு முயற்சி செய்பவர்கள், சுரப்பியைத் தாக்கும் டிபிஓ எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு அதற்கு முன்பே தொடங்கும் காரணம் உண்டு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த எல்லைக்கோட்டு அளவில் மாத்திரை கொடுத்து அசதி குறைகிறதா என்று ஐரோப்பாவில் 737 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. மருந்து போட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை போட்டவர்களுக்கும் அசதியில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே 75 வயதுப் பாட்டிக்கு டிஎஸ்எச் 6 என்று வந்தால் பயப்பட வேண்டாம். அவருடைய அசதிக்கு ரத்தசோகை, சர்க்கரை, தூக்கம், மனச்சோர்வு ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

கர்ப்பம்

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய்ச் சோதனையில் இரண்டு கோடு விழுந்தால், அப்பாயிண்ட்மெண்ட் தேதிக்குக் காத்திருக்கக்கூடாது. முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோனே ஆதாரம். தேவை சுமார் 30 விழுக்காடு கூடும். எளிய வழி, வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதில் 9. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இரட்டையாகப் போட்டுக்கொண்டு, அந்த வாரமே கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குத் திட்டமிடும்போதே இதை டாக்டரிடம் பேசி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. கர்ப்பத்தின் முதல் பாதியில் 4 வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்த்து, 2.5-க்குக் கீழ் வைத்திருப்பது இலக்கு. பிரசவம் ஆனதும் பழைய டோஸுக்குத் திரும்பலாம்.

தாய் சேய் கிளினிக்கில் இரும்பும் கால்சியமும் கட்டாயம் தருவார்கள். மேலே சொன்ன மோதல் மிக அதிகமாக நடப்பது இங்கேதான். முதல் நாளே மிஸ்ஸியிடம் (தாதியிடம்), "தைராய்டு மாத்திரை சாப்பிடுறேன், இதை எப்ப போடுறது?" என்று கேட்டு, நேரத்தைக் கர்ப்பகாலப் பதிவான பிங்க் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரசவத்துக்குப் பின் சில மாதத்தில் சிலருக்குச் சுரப்பி வீங்கி முதலில் மிகையும் பிறகு குறைவும் வரும். "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்று மாமியாரும் அம்மாவும் சொல்லும் களைப்பில் இது மறைந்துவிடுகிறது. முதல் கட்டப் படபடப்புக்குக் கார்பிமசோல் பலன் தராது, ஏனென்றால் சுரப்பி அதிகம் உற்பத்தி செய்யவில்லை, சேர்த்து வைத்திருந்தது ஒழுகுகிறது. பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் தைராய்டு பார்ப்பது நம் நாட்டு மருத்துவமனைகளில் வழக்கம். முடிவைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்புங்கள். குழந்தையை மறுபடி கூப்பிட்டால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

தைராய்டு மிகை: முதல் மாதங்கள்

மிகைக்கு மிகப் பொதுவான காரணம் கிரேவ்ஸ் நோய். அயர்லாந்து டாக்டர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இல் விவரித்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியை ஓயாமல் தூண்டிவிடுகிறது.

சிகிச்சை வழக்கமாகக் கார்பிமசோலில் தொடங்கும், படபடப்புக்குத் துணையாக ப்ரொப்ரனலால் கொடுப்பார்கள். உங்களுக்கு ஆஸ்துமா இருந்தால் ப்ரொப்ரனலால் கையில் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். கார்பிமசோல் பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரை. தொடக்கத்தில் நாளுக்கு 4, 6 என்று கூடப் போடச் சொல்வார்கள். எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம், 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக் குறைத்துக்கொண்டே வருவார்கள். டிஎஸ்எச் மட்டும் மாதக்கணக்கில் அடியிலேயே கிடக்கும். வேலை ஒழுங்குக்கு வந்த பிறகும் மண்டோர் நம்பாமல் மௌனமாக இருப்பார். ஆகவே ஆரம்ப மாதங்களில் எஃப்டி4-ஐப் பார்த்தே டோஸ் மாற்ற வேண்டும்.

இனிச் சொல்வது இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பத்தி. கார்பிமசோல் ஆயிரத்தில் சிலருக்கு வெள்ளை அணுக்களை அடியோடு வற்றவைத்துவிடும். பெரும்பாலும் முதல் 3 மாதத்தில் நடக்கும். காய்ச்சல், கடும் தொண்டை வலி, வாய்ப்புண் ஆகியவை அதன் அறிகுறி. தோட்டப்புறத்தில் காய்ச்சல் என்றதும் எல்லாரும் நினைப்பது டெங்கி, அல்லது எலிக்காய்ச்சல். டெங்கியிலும் வெள்ளை அணு குறையும் என்பதால் ரத்தச் சோதனையைப் பார்த்தும் கார்பிமசோலைச் சந்தேகிக்காமல் விட்டுவிட வாய்ப்பு உண்டு. காய்ச்சல் 38 பாகையைத் தொட்டாலோ தொண்டை வலித்தாலோ அடுத்த வேளை கார்பிமசோலைப் போடாதீர்கள். அன்றைக்கே ரத்த அணுக்களை எண்ணும் எஃப்பிசி சோதனை செய்ய வேண்டும், கிளினிக் மூடிவிட்டால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பானடோல் போட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்பது இந்த ஒரு விஷயத்தில் உயிருக்கு ஆபத்து. ஐசியோடு (அடையாள அட்டையோடு) ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "சாயா மாக்கான் கார்பிமசோல். கலாவ் டெமாம், தோலோங் பெரிக்சா எஃப்பிசி." (நான் கார்பிமசோல் சாப்பிடுகிறேன், காய்ச்சல் என்றால் எஃப்பிசி பாருங்கள் என்று மலாயில் பொருள்.) பேச முடியாத நிலையில் அது உங்களுக்காகப் பேசும். கண் மஞ்சளானாலும் சிறுநீர் கறுத்தாலும் உடனே காட்டுங்கள். தோல் அரிப்பு மட்டும் என்றால் நிறுத்தாமல் டாக்டரைக் கேட்டால் போதும்.

ஆண்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஆசிய ஆண்களில் தைராய்டு மிகை சில சமயம் திடீர்க் கைகால் செயலிழப்பாக வெளிப்படும். நாள் முழுக்கக் குலை அறுத்துத் தூக்கியவர், ராத்திரி கல்யாண விருந்தில் சோறும் பாயசமும் இனிப்புப் பானமும் வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுப்பார். விடியற்காலை எழுந்தால் தொடை அசையாது. ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிவிட்டது காரணம். காற்று பட்டது, செய்வினை என்று கோவிலுக்கு அழைத்துப் போவதற்கு முன் 999-ஐக் கூப்பிடுங்கள். இதயத் துடிப்பு தடுமாறிவிடும் ஆபத்து இருக்கிறது. காய்ச்சலோடு நாடி மிக வேகமாக ஓடி, பேச்சு குழறிப் புத்தி தடுமாறினாலும் அதேதான், அது தைராய்டு புயல்.

மூன்று வழிகள், ஒரு முடிவு

கிரேவ்ஸ் நோய்க்கு மூன்று வழி உண்டு: மாத்திரையைத் தொடர்வது, கதிரியக்க அயோடின், அறுவை சிகிச்சை. மூன்றுமே சரியான சிகிச்சைகள். எது உங்களுக்கு என்பதை டாக்டர் மட்டும் முடிவு செய்ய முடியாது. உங்கள் வீட்டில் எத்தனை அறை, எத்தனை சின்னப் பிள்ளைகள், பிள்ளை பெறும் எண்ணம் உண்டா, மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அந்த முடிவில் சேர வேண்டும். அவை அவருக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரையை 12 முதல் 18 மாதம் சாப்பிட்டு நிறுத்தினால் சுமார் பாதிப் பேருக்கு நோய் திரும்பும். கழலை (கழுத்தில் சுரப்பி வீக்கம்) சிறிதாக, நோய் மிதமாக இருப்பவர்களுக்கு வெற்றி வாய்ப்பு கூடுதல். நிறுத்துமுன் டிஆர்ஏபி என்ற எதிர்ப்பொருளைச் சோதிக்கக் கேளுங்கள். அது இன்னும் உயரமாக இருந்தால் நிறுத்தியதும் திரும்பிவிடும். அப்போது குறைந்த டோஸிலேயே வருடக்கணக்கில் தொடர்வதும் ஒப்புக்கொள்ளப்பட்ட வழிதான். மாத்திரையின் பலம், சுரப்பி பிழைத்திருக்கும். பலவீனம், ஒழுங்காகப் போடாதவருக்கு அது பயன்படாது. பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் கார்பிமசோலில் இருக்கும்போது கருத்தரித்தால் குழந்தைக்குக் குறைபாடு வரும் அபாயம் இருக்கிறது. முன்கூட்டியே பிடியு (ப்ரொபில்தையோயுராசில்) மாத்திரைக்கு மாற வேண்டும், அல்லது கருத்தரிக்குமுன் நிரந்தரத் தீர்வு தேட வேண்டும்.

கதிரியக்க அயோடின் என்றதும் பலருக்குப் புற்றுநோய் மருந்து என்ற பயம். 1941-இலிருந்து மனிதர்களுக்குக் கொடுத்து வரும் சிகிச்சை இது. ஒரு மாத்திரையாகவோ திரவமாகவோ ஒரே முறை விழுங்குவது, வலி இல்லை. சுரப்பி அதை உறிஞ்சிக்கொண்டு சில மாதங்களில் அடங்கிவிடும். பெரும்பாலோர் பிறகு தைராய்டு குறைவுக்குப் போய் ஆயுசுக்கும் லிவோதைராக்சின் போடுவார்கள். அது சிகிச்சையின் பிழை இல்லை, எதிர்பார்த்த முடிவு. இதைத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் கூடவே கூடாது. பெண்கள் அதன்பின் 6 மாதம் கருத்தரிக்கக்கூடாது. கண் பிதுங்கி வலிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும் கண் நோய் மோசமாகலாம். சிகரெட்டை விடுவது இங்கே மருந்துக்குச் சமம்.

கதிரியக்க அயோடின் தரும் அணுமருத்துவப் பிரிவு எல்லா ஊரிலும் இல்லை. பேராக்கின் வடபகுதியிலிருந்து பினாங்கு மருத்துவமனைக்கோ கோலாலம்பூருக்கோ போக வேண்டிவரும். திரும்பும் பயணத்தை முன்பே திட்டமிடுங்கள். நெரிசலான பஸ் வேண்டாம். ஒரு காரில், ஓட்டுபவருக்குக் குறுக்காகப் பின்சீட்டின் மறுமூலையில் உட்கார்ந்து வருவது நல்லது. கர்ப்பிணி யாரும் அந்தக் காரில் ஏறக்கூடாது. வீட்டுக்கு வந்தபின் தனியாகப் படுக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடாது, கழிவறையை உட்கார்ந்து பயன்படுத்தி இரண்டு முறை நீரூற்ற வேண்டும். எத்தனை நாள் என்பதை டோஸைப் பொறுத்து மருத்துவமனை எழுதித் தரும். இரண்டு அறை லயத்து வீட்டில் பிள்ளைகள் அம்மாவோடு ஒரே பாயில் படுப்பார்கள். அந்த நாட்களுக்குப் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புவதா, நீங்கள் போய் இருப்பதா என்று முடிவு செய்துவிட்டுத் தேதி வாங்குங்கள். பள்ளி விடுமுறைக் காலம் இதற்கு வசதி.

அறுவை சிகிச்சை, பெரிய கழலை, சாப்பாடு இறங்கச் சிரமம், சந்தேகத்துக்குரிய கட்டி, சீக்கிரம் பிள்ளை வேண்டும் என்ற நிலைகளுக்குப் பொருந்தும். தீர்வு உடனடி. முதலில் மாத்திரையால் ஹார்மோனை அடக்கிவிட்டுத்தான் கத்தி வைப்பார்கள். இரண்டு அபாயங்களை நேராகக் கேளுங்கள். ஒன்று குரல் நரம்பு: நிரந்தரக் குரல் பாதிப்பு, கைதேர்ந்தவரிடம் நூற்றுக்கு ஒருவர் அளவில். மற்றது கால்சியம்: பக்கத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அதிர்ந்துபோய் விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும், நூற்றில் ஓரிருவருக்கு நிலைத்துவிடும். வீடு திரும்பியபின் மரமரப்பு வந்தால் காத்திருக்காமல் திரும்பிப் போங்கள். டாக்டரிடம், "வருஷத்துக்கு இந்த ஆபரேஷன் எத்தனை செய்றீங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. 25-க்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அரசாங்க மருத்துவமனைகளில் நாளமில்லாச் சுரப்பிச் சிகிச்சைக்குப் புத்ராஜெயா மருத்துவமனை பெயர்பெற்ற மையம். சிக்கலானவர்களுக்கு அங்கே கடிதம் கேட்கலாம்.

எங்கள் எண்ணம் இது. முதல் முறை நோய் கண்டவர், கழலை சிறியது, மாத்திரை ஒழுங்காகப் போடுவார் என்றால் ஒன்றரை வருடம் மாத்திரைக்கு வாய்ப்புக் கொடுக்கலாம். இரண்டாவது முறை திரும்பிவிட்டால், மறுபடி அதே சுற்றில் போகாமல் நிரந்தரத் தீர்வைப் பேசத் தொடங்குங்கள். இதயம் பலவீனமான வயதானவர்கள் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்.

கட்டி இருந்தால்

கழுத்துக் கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தீங்கற்றவை. அல்ட்ராசவுண்ட் எடுத்து, தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பார்கள். ஊசி குத்தினால் பரவும் என்பது தவறு. கல்லாக இறுகியது, வேகமாக வளர்வது, குரலை மாற்றியது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

சாப்பாடு, நாட்டு மருந்து

முட்டைக்கோஸ், மரவள்ளிக்கிழங்கு, தௌஹு (சோயாக் கட்டி) இவற்றை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. நன்றாக வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிடலாம். மரவள்ளியையே மூன்று வேளையும் தின்று வாழ்ந்த ஜப்பான்காரன் காலம் இப்போது இல்லை. உப்பில் அயோடின் சேர்ப்பது தீபகற்ப மலேசியாவிலும் கட்டாயமாகிவிட்டது, அதனால் கடல்பாசி மாத்திரையோ அயோடின் சொட்டோ தனியாக வாங்க வேண்டாம். அதிக அயோடின் குறைவையும் மிகையையும் இரண்டையும் கிளப்பும்.

விரத காலம் வந்தால் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து காலையில் பால் மட்டும் குடிப்பவர்கள் மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினால் விரதமும் கெடாது, மருந்தும் கெடாது. விரதத்துக்காக மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

எடை குறைக்கும் பொடி, சர்வரோக ஜாமு (மலாய் மூலிகை மருந்து) ஆகியவற்றில் தைராய்டு ஹார்மோனோ ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம். பெட்டியில் மால் (MAL) என்ற எழுத்துகளில் தொடங்கி 8 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பதிவு எண்ணும், ஹாலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் யார் சிபாரிசு செய்தாலும் வேண்டாம்.

கிளினிக் வேலைகள்

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட், மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். இங்கே செலவாவது பெரும்பாலும் நாள் சம்பளமும் போக்குவரத்தும்தான். ஈப்போவில் நிபுணரைப் பார்ப்பவர் மாதாமாதம் மருந்துக்காக ஈப்போவுக்கே போக வேண்டியதில்லை. மருந்தகத்தில் எஸ்பியூபி கேட்டால் உங்கள் ஊர்க் கிளினிக்கிலேயே மருந்தை வாங்கிக்கொள்ளலாம். தபாலில் அனுப்பும் வசதி உள்ள இடங்களும் உண்டு, யுஎம்பி என்று கேளுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, டிஎஸ்எச், எஃப்டி4, டோஸ், எடை, காலை நாடி, புதிதாகச் சேர்ந்த மருந்து என்று ஏழு கட்டம். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், நோட்டுப் புத்தகம் மாறாது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும், வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் தைராய்டு டோஸ் மாறும் ஒவ்வொரு முறையும் அந்த மருந்துகளையும் மறுபடி கணக்கிட வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போதே எடுக்கப் போங்கள். வெள்ளமோ பெருநாள் விடுமுறையோ வந்து லிவோதைராக்சின் மூன்று நான்கு நாள் விட்டுப்போனால் உடம்பில் இருக்கும் சேமிப்பு தாங்கிக்கொள்ளும். கார்பிமசோலுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. இந்தியாவுக்கு யாத்திரை போகிறவர்கள் இரண்டையுமே கைப்பையில், சீட்டின் நகலோடு, போகும் நாட்களுக்கு மேல் பத்து நாள் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.